கெபாயாவும் மணிச்செருப்பும்: பூத்தையலுக்கு ஏற்ற துணியைத் தேர்ந்த வரலாறு

கெபாயா என்பது மலாய்த் தீபகற்பத்திலும் இந்தோனேசியத் தீவுகளிலும் பெண்கள் சாரோங்குக்கு மேலே அணியும், முன்புறம் திறந்த மேற்சட்டை ஆகும். மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய துறைமுக நகரங்களில் வாழ்ந்த பெரானாக்கான் சீனப் பெண்கள் இதில் நுண்ணிய பூத்தையலைச் சேர்த்து, 'நியோன்யா கெபாயா' என்ற தனி வகையை உருவாக்கினர். இதனுடன் அணியப்பட்ட பாசிமணிச் செருப்பு 'காசுட் மானேக்' எனப்படும்.

இவ்விரண்டையும் பார்ப்பவர் முதலில் காண்பது பூவேலையை. மயில், செவ்வந்தி, பட்டாம்பூச்சி, மீன் என அதில் இடம்பெறும் உருவங்கள் பல. ஆனால் அவற்றைத் தைத்தவர்கள் ஊசியை எடுப்பதற்கு முன்பே ஒரு முடிவை எடுக்கவேண்டியிருந்தது: எந்தத் துணியில் தைப்பது? ஆண்டு முழுவதும் வியர்க்கும் ஊரில் உடலோடு ஒட்டியிருக்கும் சட்டைக்கு அந்த முடிவே முதன்மையானது. பூத்தையலின் இடம், அடர்த்தி, முறை ஆகிய மூன்றும் அதைப் பின்பற்றியே அமைந்தன. அந்தத் துணித் தேர்வின் வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

வெக்கையும் பூத்தையலும்

மலாக்கா நீரிணைக் கரையில் ஆண்டின் எல்லா மாதங்களிலும் வெப்பநிலை ஏறத்தாழ ஒன்றுபோல் இருக்கும். சராசரி 27 டிகிரி செல்சியசை ஒட்டியது. காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டுக்கு மேல். வறண்ட வெயிலில் வியர்வை விரைவில் காய்ந்துவிடும். ஈரக்காற்றில் அது எளிதில் காயாது. காற்று அசைந்தால்தான் உடல் குளிரும். எனவே இங்கு அணியும் துணிக்கு மூன்று குணங்கள் வேண்டும்: இழைகளுக்கு இடையே காற்று புகவேண்டும், வியர்வையை உறிஞ்சவேண்டும், நனைந்தாலும் தோலோடு ஒட்டாமல் நிற்கவேண்டும்.

பூத்தையல் இந்த மூன்றுக்கும் எதிராக வேலை செய்வது. ஒவ்வொரு தையலும் துணியின் சில கண்களை அடைக்கிறது. நெருக்கமாக நிரப்பித் தைத்த ஒரு பூ, இரண்டு மூன்று அடுக்குத் துணிக்குச் சமமான தடிப்பை அடைகிறது. தடித்த துணியில் தைப்பது எளிது, ஆனால் அணிவது கடினம். மெல்லிய துணி அணிவதற்கு இதமானது. ஆனால் தைக்கும்போது சுருங்கும், இழுபடும், சில வேளை கிழியும். வெப்பநாட்டில் பூத்தையல் ஆடை செய்த எல்லோரும் சந்தித்த சிக்கல் இது. நியோன்யா கெபாயா அதற்குக் கிடைத்த மிகச் சிறந்த தீர்வுகளில் ஒன்று.

கோரமண்டலத் துணியின் காலம்

மலாக்காவின் துணி வரலாற்றில் தமிழ்க் கரைக்கும் பங்கு உண்டு. 1511இல் போர்த்துகீசியர் மலாக்காவைக் கைப்பற்றுவதற்கு முன்பே கோரமண்டலக் கரையின் பருத்தித் துணி அங்கு முதன்மையான வணிகச் சரக்காக இருந்தது. அக்கரையின் வணிகர்கள் அங்கு 'கிலிங்' என அழைக்கப்பட்டனர். அக்காலத்தில் மலாக்காவில் வாழ்ந்த போர்த்துகீசியரான தொமே பிரெஸ் இந்த வணிகத்தைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். நறுமணப் பொருள்கள் வாங்க வந்தவர்கள் பணத்தைவிடத் துணியைக் கொடுத்தே பெரிதும் வாங்கினர்.

1613இல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் ஜெல்திரியா கோட்டையை நிறுவியதும் இதே துணிக்காகத்தான். பழவேற்காட்டை ஐரோப்பியர் 'புலிகாட்' என்றனர். மலாய் மொழியில் கட்டம் போட்ட ஆண்களின் சாரோங்குக்கு இன்றும் வழங்கும் 'காயின் பெலிகாட்' என்ற பெயர் அந்த ஊரிலிருந்து வந்ததே.

வணிகத்துக்கு வந்து மலாக்காவிலேயே தங்கிய தமிழரின் வழித்தோன்றல்கள் மலாக்கா செட்டிகள். 1781இல் அங்கு எழுப்பப்பட்ட ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி ஆலயம் அவர்களுடையது. வீட்டில் மலாய் பேசி, கோயிலில் சைவ வழிபாட்டைக் காக்கும் இச்சமூகப் பெண்களின் மரபு உடையும் சாரோங்–கெபாயாதான். ஆகவே கெபாயா ஒரே இனத்துக்கு உரிய ஆடை அன்று. மலாய், ஜாவானிய, சீனப் பெரானாக்கான், யுரேசிய, தமிழ் வழிவந்த பெண்கள் எனப் பலரும் அதை அணிந்தனர். 'கெபாயா' என்ற சொல் 'கபா' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது எனப் பலரும் கருதுகின்றனர்.

பாஜு பாஞ்சாங்கிலிருந்து கெபாயாவுக்கு

19ஆம் நூற்றாண்டில் பெரானாக்கான் பெண்கள் அணிந்தது 'பாஜு பாஞ்சாங்'. இது முழங்காலுக்குக் கீழ்வரை தொங்கும் தளர்ந்த நீள் அங்கி. பொத்தான் கிடையாது, 'கெரோசாங்' எனப்படும் மூன்று ஊசிப் பதக்கங்களால் முன்புறத்தை இணைப்பர். உள்ளே வெள்ளைப் பருத்தியில் தைத்த சிறு சட்டை இருக்கும். வியர்வையை அந்த உள்சட்டை ஏற்றுக்கொள்ளும். மேலங்கி அழுக்காகாமல் தப்பும். உள்சட்டையைத் தினமும் துவைக்கலாம், மேலங்கியை அப்படித் துவைக்கவேண்டியதில்லை. இந்த ஈரடுக்கு முறையே பின்னர் கெபாயாவுக்கும் அடிப்படையாயிற்று.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாஜு பாஞ்சாங்கின் துணி மெலிந்தது. ஒளி ஊடுருவும் மஸ்லினும் ஆர்கண்டியும் ஐரோப்பாவிலிருந்து வரத் தொடங்கின. அதே காலத்தில் இளம்பெண்கள் இடுப்பளவே வரும் குட்டையான கெபாயாவுக்கு மாறினர். டச்சு ஆட்சியிலிருந்த ஜாவாவில் ஐரோப்பியப் பெண்களும் யுரேசியப் பெண்களும் வெள்ளைப் பருத்திக் கெபாயாவின் ஓரத்தில் லேஸ் வைத்து அணிந்துவந்தனர். அந்தப் பாணி நீரிணை நகரங்களுக்கும் பரவியது. அதற்குக் 'கெபாயா ரெண்டா' என்று பெயர். 'ரெண்டா' என்பது லேசைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல். தமிழில், குறிப்பாக ஈழத்தில், வழங்கும் 'ரேந்தை' என்ற சொல்லும் அதிலிருந்தே வந்தது.

லேஸ் வைத்த கெபாயாவில் அழகு துணிக்கு வெளியே, ஓரத்தில் ஒட்டப்பட்டது. அடுத்து வந்த 'கெபாயா பீகு'வில் ஓரமே வளைவு வளைவாகத் தைத்து முடிக்கப்பட்டது. 1920களின் பிற்பகுதியிலும் 1930களிலும் பரவிய 'கெபாயா சூலாம்' என்ற வகையில்தான் பூத்தையல் துணிக்குள்ளேயே நுழைந்தது. அதைத் தாங்கக்கூடிய துணி எது என்ற கேள்வியும் அப்போதுதான் கூர்மையானது.

வாயல் வென்ற காரணம்

பட்டு, ஜார்ஜெட், ஆர்கண்டி, மஸ்லின், வாயல் ஆகிய துணிகள் அக்காலக் கடைகளில் கிடைத்தன. இவற்றில் பூத்தையல் கெபாயாவுக்கு மிகவும் விரும்பப்பட்டது பருத்தி வாயல். அதிலும் 'ரூபியா' என்ற பெயரில் விற்ற உயர்தர வாயலைப் பழைய தையற்காரர்கள் இன்றும் நினைவுகூர்வதுண்டு. அந்தப் பெயர் தமிழ்நாட்டு ரவிக்கைத் துணிக் கடைகளிலும் பழக்கமானதே.

வாயலின் சிறப்பு அதன் நூலில் உள்ளது. சாதாரணப் பருத்தி நூலைவிட இதற்கு முறுக்கு மிக அதிகம். முறுக்கு ஏறினால் நூல் மெலிந்து, உருண்டு, பிசிறு அடங்கும். பிசிறு இல்லாத நூல்களைச் சற்று இடைவெளி விட்டுப் பாவாகவும் ஊடையாகவும் நெய்யும்போது, கண்கள் அடையாமல் திறந்தே நிற்கும். பாவும் ஊடையும் இரண்டு புரி நூலாக இருப்பது முழு வாயல். 'டூ பை டூ' என்று கேட்டு வாங்கும் ரவிக்கைத் துணியின் பெயரும் இதே கணக்கைக் குறிப்பது. இரட்டைப் புரி நூல் மெல்லியதாயினும் வலுவானது. ஊசி பலமுறை ஏறி இறங்கினாலும் எளிதில் அறாது.

ஆர்கண்டி வேறு விதமானது. மெல்லிய பருத்தித் துணியை அமிலத்தில் சிறிது நேரம் நனைத்துக் கழுவுவதால் அது கண்ணாடி போல் தெளிவும் விறைப்பும் பெறுகிறது. உடலோடு ஒட்டாமல் தள்ளி நிற்பதால் உள்ளே காற்று உலவும். ஆனால் மடிப்பு விழுந்தால் எளிதில் போகாது, தோலில் உராயும். பட்டு ஈரத்தை நன்றாக ஏற்கும். ஆயினும் வியர்வைக் கறை படிந்தால் அதன் நிறமும் வலுவும் கெடும். அடிக்கடி துவைக்கவும் முடியாது. வாயல் தினமும் துவைத்துக் கஞ்சி போட்டுத் தேய்க்கத் தக்கது. விழாவுக்கு மட்டுமின்றி வீட்டுக்கும் சந்தைக்கும் அணியும் உடைக்கு இது பெரிய வசதி.

துணிக்கு இணங்கிய ஊசி

வாயலைத் தேர்ந்த பிறகு, பூத்தையல் அதற்கு ஏற்ப மாறியது. சிங்கர் முதலிய மிதி தையல் இயந்திரங்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீரிணை நகரங்களின் வீடுகளுக்கு வந்தன. நேர்த்தையலுக்காகச் செய்யப்பட்ட இயந்திரத்தில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தைக் கழற்றிவிட்டு, துணியை வளையச் சட்டத்தில் இறுக்கி, கையால் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர்த்திப் பூக்களை வரைந்தனர். இயந்திரம் ஊசியை மட்டும் ஓட்டியது. உருவம் முழுவதும் கையின் அசைவில் பிறந்தது. எனவே இதை இயந்திரத் தையல் என்பதைவிட, இயந்திரத்தின் துணையோடு செய்த கைவேலை என்பது பொருந்தும்.

இந்த வேலையில் மூன்று பழக்கங்கள் நிலைத்தன. மூன்றும் காற்றோட்டத்தோடு தொடர்புடையவை.

முதலாவது, பூவேலையின் இடம். நியோன்யா கெபாயாவில் அடர்ந்த பூத்தையல் முன்புற இரு ஓரங்களிலும், கூர்ந்து தொங்கும் கீழ் முனைகளிலும், கைமுனையிலும், பின்புறக் கீழ் விளிம்பிலும் அமையும். அதிகம் வியர்க்கும் அக்குளும் முதுகின் பெரும்பகுதியும் பொதுவாக வெறும் வாயலாகவே விடப்படும். சில வேளை சிறு பூக்கள் அங்கங்கே தெளிக்கப்படும்.

இரண்டாவது, துளைவேலை. 'தெபுக் லூபாங்' என்றால் துளையிடுதல். உருவத்தின் ஓரத்தைத் தைத்து உறுதியாக்கிய பின், உள்ளிருக்கும் துணியைச் சிறு கத்தரிக்கோலால் வெட்டி எடுத்து, நூல் பாலங்களால் இணைப்பர். தூரத்தில் அது லேஸ் போலத் தெரியும். பூத்தையலின் நெருக்கத்தால் அடைபட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே காற்றுப் புகும் வாசலை இது திறந்துவிடுகிறது. கத்தரி ஒரு நூல் தவறினாலும் பல நாள் வேலை வீணாகும் என்பதால், இதைச் செய்பவருக்குத் தனி மதிப்பு இருந்தது.

மூன்றாவது, நூலின் நுண்மை. தடித்த நூலால் தைத்தால் வாயல் சுருங்கும். ஆகவே மெல்லிய நூலைப் பயன்படுத்தி, நிற ஓட்டத்தால் பூவுக்கு உருட்சியைக் காட்டினர். இதனால் பூவேலை துணியின் இயல்பான தொங்கலைக் கெடுக்கவில்லை.

மணிச்செருப்பின் வேறு வழி

செருப்பில் நிலைமை நேர்மாறு. 19ஆம் நூற்றாண்டில் வெல்வெட் துணியில் பொன்னிழை பதித்த 'தெக்காட்' வேலைச் செருப்புகள் வழக்கில் இருந்தன. பின்னர் ஐரோப்பாவின் நுண்ணிய கண்ணாடி மணிகள் கிடைத்ததும் மணிவேலை பரவியது. 'பிடாங்ஙான்' எனப்படும் மரச்சட்டத்தில் கான்வாசை இறுக்கிக் கட்டி, ஐரோப்பிய கிராஸ் தையல் வரைபடங்களைப் பார்த்து, ஒரு தையலுக்கு ஒரு மணி எனக் கோப்பர். பட்டை தீட்டிய மணிக்கு 'மானேக் போத்தோங்' என்று பெயர். மணமகள் தன் கையால் கோத்த செருப்பை மணமகனுக்கும் அவன் பெற்றோருக்கும் தருவது வழக்கம். பெண்ணின் பொறுமையும் திறமையும் அதைக் கொண்டு மதிக்கப்பட்டன.

வெல்வெட்டும் மணியும் காற்றை விடாதவை. கான்வாசின் ஒவ்வொரு கண்ணிலும் ஒரு மணி அமர்ந்தபின் அதில் இடைவெளியே மிஞ்சாது. துணியால் தீர்க்க முடியாத இச்சிக்கலைச் செருப்பின் வடிவம் தீர்த்தது. முன்பகுதியில் மட்டும் மணிவேலை; குதிகால் பக்கம் முழுவதும் திறந்தது. காலுறை தேவையில்லை. பிற்கால வடிவங்களில் விரல் முனையும் திறந்து, மணிப்பரப்பு குறுக்குப் பட்டையாகச் சுருங்கியது. பாதம் படும் அடிப்பகுதி தோலால் ஆனது. தோல் வியர்வையை உறிஞ்சி மெல்ல வெளியிடும். எளிதில் அணிந்து கழற்றவும் இந்த வடிவம் பொருந்தியது.

ஆக, சட்டையில் துணியும் செருப்பில் வடிவமும் ஒரே வேலையைச் செய்தன.

செயற்கை இழையின் வருகை

1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானிய ஆட்சியில் துணி கிடைப்பதே அரிதாயிற்று. போருக்குப் பின் நகரப் பெண்கள் பலர் மேற்கத்திய உடைக்கு மாறினர். கல்வி, அலுவலகப் பணி, மாறிய ரசனை எனக் காரணங்கள் பல. கெபாயா திருமணத்துக்கும் பெருநாளுக்கும் உரிய உடையாகச் சுருங்கியது.

இன்னொரு மாற்றம் துணியிலேயே நிகழ்ந்தது. 1941இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற பாலியெஸ்டர், போருக்குப் பின் உலகச் சந்தையை நிரப்பியது. அது மலிவு, சுருங்காது, சாயம் மங்காது, இயந்திரத்தில் இழுபடாமல் நிற்கும். தைப்பவருக்கு அது வசதியான துணி. அணிபவருக்கு அப்படியில்லை. ஆய்வகத்தின் வழக்கமான ஈரப்பதத்தில் பருத்தி தன் எடையில் சுமார் 8 விழுக்காடும், பட்டு சுமார் 11 விழுக்காடும் ஈரத்தை ஏற்கும். பாலியெஸ்டர் ஏற்பது ஏறத்தாழ 0.4 விழுக்காடு மட்டுமே. விளையாட்டு உடைகளில் பாலியெஸ்டர் இழையைத் திறந்த பின்னலாக்கி ஈரத்தை வெளியேற்றச் செய்கிறார்கள். நெருக்கமாக நெய்த பாலியெஸ்டரில் அந்த வழியும் அடைபட்டிருக்கும்.

கணினிப் பூத்தையல் இயந்திரங்கள் வந்தபின் அடர்த்தியும் கூடியது. விரைந்து ஓடும் ஊசியைத் தாங்கத் துணியின் அடியில் தாங்குதாள் வைக்கவேண்டும். தைத்தபின் அதை முழுதாக நீக்காவிட்டால், பூ இருக்கும் இடமெல்லாம் காற்றுப் புகாத ஒட்டுப் போட்டதுபோல் ஆகிவிடும். இப்படிச் செய்த கெபாயா புகைப்படத்தில் பழையதைப் போலவே தோன்றும். அதை முதன்முறை அணியும் இளம்பெண் "கெபாயா என்றாலே புழுக்கம்" என்று முடிவு செய்வதில் வியப்பில்லை. ஆனால் அவள் அணிந்தது அவளுடைய பாட்டி அணிந்த துணி அன்று.

மீட்சியும் இன்றைய தேர்வும்

2000க்குப் பின் கெபாயா மீண்டும் கவனம் பெற்றது. பின்னர் மலேசியப் பிரதமரான அப்துல்லா அகமது படாவியின் துணைவியார் எண்டோன் மாமூட் தம் சேகரிப்பிலுள்ள நியோன்யா கெபாயாக்களைப் பற்றிய நூலை 2002இல் வெளியிட்டார். 2008இல் சிங்கப்பூரில் பெரானாக்கான் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் உலகப் பாரம்பரியக் களங்களாயின. 2024 டிசம்பரில் புருணை, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளும் கூட்டாக முன்மொழிந்த கெபாயா, யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

இந்த வரலாறு, எந்தப் பூத்தையல் ஆடையை வாங்குவோருக்கும் தைப்போருக்கும் சில அளவுகோல்களைத் தருகிறது.

1. துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இழைகளுக்கு இடையே சீரான ஒளிப்புள்ளிகள் தெரியவேண்டும்.

2. துணியை வாயருகே வைத்து ஊதினால் மறுபக்கத்தில் உள்ளங்கைக்குக் காற்றுத் தெரியவேண்டும். பூ உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் தனித்தனியே ஊதிப் பார்க்கலாம்.

3. ஒருமுறை துவைத்துக் கஞ்சி போனபின் ஒரு சொட்டு நீர் விட்டால், பருத்தி அதை விரைவில் உறிஞ்சும். முத்தாக நின்றால் செயற்கை இழையோ மேற்பூச்சோ இருக்கக்கூடும்.

4. தைப்பதற்கு முன் துணியை நனைத்து உலர்த்திச் சுருக்கம் எடுத்துவிடவேண்டும். இல்லாவிட்டால் முதல் துவைப்பில் துணி சுருங்கும், நூல் சுருங்காது, பூவைச் சுற்றி மடிப்பு விழும்.

5. ஆடையின் உட்புறத்தைத் திருப்பிப் பார்க்கவேண்டும். தாங்குதாள் எஞ்சியிருந்தால், அது நீரில் கரையும் வகையா, கிழித்தெடுக்கும் வகையா எனக் கேட்டு நீக்கவேண்டும்.

6. அடர்ந்த பூவேலை அக்குளிலும் முதுகின் நடுவிலும் இல்லாததைத் தேர்வது நல்லது.

7. செருப்பில் மணியோ பொன்னிழையோ நிறைந்திருந்தால், குதிகால் பக்கம் திறந்த வடிவமும் தோல் அல்லது பருத்தி உட்புறமும் வேண்டும்.

முடிவுரை

பட்டியலில் சேர்ந்த மரபு ஒன்று வாழ்கிறதா என்பது, அதை மக்கள் எத்தனை நாள் அணிகிறார்கள் என்பதில்தான் தெரியும். ஒரு காலத்தில் நியோன்யாக்கள் கெபாயாவோடு சமைத்தனர், சந்தைக்குச் சென்றனர், விருந்தினரை வரவேற்றனர். அந்த வெக்கையில் அது முடிந்ததற்குக் காரணம் அவர்கள் தேர்ந்த வாயலும், அதன் கண்களை அடைக்காமல் தைத்த கையும். பழைய உருவங்களை இன்று எந்த இயந்திரமும் நகலெடுத்துவிடும். அவற்றைத் தாங்கிய துணியைத் தேடி எடுப்பவரிடமே கெபாயா மீண்டும் அன்றாட உடையாகும் வாய்ப்பு இருக்கிறது.